படிக்கட்டில் ஒரு வார்த்தை

தியேட்டரில் பக்கத்து சீட்டில் மாட்டக் கூடாத ஆசாமிகள் மூன்று வகை. க்ளைமாக்ஸை முன்கூட்டியே சொல்பவர். செல்போனில் சத்தமாகப் பேசுபவர். படத்தின் மூலக்கதையைப் புத்தகமாகப் படித்துவிட்டு வந்தவர். முதல் இரண்டு பேரையும் முறைத்தால் அடங்கிவிடுவார்கள். மூன்றாமவர் அடங்க மாட்டார். 'இது புத்தகத்துல இல்ல' என்று காதோரம் சொல்லிக்கொண்டே இருப்பார்.

'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' வரிசையின் மூன்றாவது படமான 'தி ரிட்டர்ன் ஆஃப் தி கிங்' நம் ஊருக்கு வந்தபோது, அந்த மூன்றாவது ஆசாமி நான்தான். பக்கத்தில் மாட்டியவன் என் பழைய ரூம்மேட்.

அவனைப் பற்றிச் சொல்வதற்கு முன் புத்தகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டில் பழைய ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த பேராசிரியர் ஜே.ஆர்.ஆர்.டோல்கியன் எழுதியது. 1937 டிசம்பரில் ஆரம்பித்து, பன்னிரண்டு வருஷம் போல இழுத்து, கடைசியில் 1954, 55-ல் மூன்று பாகங்களாக வெளிவந்தது. உலகத்தையே அடிமையாக்கும் ஒரு மோதிரம். அதை அது உருவான எரிமலையிலேயே போட்டு அழிக்க வேண்டும். தூக்கிக்கொண்டு போவது வீரன் இல்லை, மந்திரவாதி இல்லை. நம் இடுப்பு உயரமே உள்ள, வேளைக்குச் சாப்பாடு தவறக் கூடாத ஹாபிட் இனத்தைச் சேர்ந்த ஃப்ரோடோ. கூடவே போவது அவனுடைய தோட்டக்காரன் சாம். வழிகாட்டியாக வந்து சேர்பவன், ஒரு காலத்தில் அந்த மோதிரத்தை வைத்திருந்து, அதனாலேயே உருக்குலைந்து, அதை மறுபடி அடையத் துடிக்கும் ஒரு பிராணி. அவன் பெயரைத் தமிழில் எழுதப் போனால் ஒன்று கேரளத்து ஊர் ஆகிறது, இல்லாவிட்டால் வாசல் கோலம் ஆகிறது. 'கோல்லம்' என்று வைத்துக்கொள்வோம்.

நான் இதைப் படித்தது திருவல்லிக்கேணி மேன்ஷனில். 1992, 93 வாக்கில். பைகிராஃப்ட்ஸ் ரோடு பழைய புத்தகக் கடையில் மூன்று பாகமும் சேர்ந்து கிடைத்தது. அட்டை கிழிந்து, யாரோ இங்கிலாந்துக்காரரின் கையெழுத்தோடு. ஒரு அறையில் மூன்று பேர். நான் ராத்திரி ஒரு மணி வரை லைட் போட்டுப் படிப்பேன். நம்ம ஆள் அப்போது மெடிக்கல் ரெப். காலையில் ஆறு மணிக்கு எழுந்து டை கட்ட வேண்டும். போர்வைக்குள்ளிருந்து திட்டுவான்.

ஒரு நாள் திட்டை நிறுத்திவிட்டு, "அப்படி என்னடா இருக்கு அதுல?" என்று கேட்டான். சொல்ல ஆரம்பித்தேன். அன்றிலிருந்து தினம் ஒரு அத்தியாயம். மெஸ்ஸில் இலைக்குக் காத்திருக்கும்போது, சாப்பிட்டுவிட்டு மெரினா வரை நடக்கும்போது. காண்டால்ஃப் என் கதையில் தாடி வைத்த சித்தர் ஆனார். ஹாபிட்டுகள் 'குள்ள மனுஷங்க' ஆனார்கள். அவனுக்கு சாமை ரொம்பப் பிடித்துவிட்டது. "அந்த சமையல் சாமான் தூக்கிட்டுப் போறானே, அவன் என்ன ஆனான்? அதச் சொல்லு மொதல்ல" என்பான். ராஜா, யுத்தமெல்லாம் அவனுக்கு இரண்டாம்பட்சம்.

கதை முடிந்த இரண்டாவது மாதம், எங்கள் சிநேகிதமும் முடிந்துவிட்டது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

*

பத்து வருஷம் கழித்து ஆபீசுக்கு ஒரு போன். "அந்த மோதிரக் கதை படமா வந்திருக்காமே. கடைசிப் பாகம் ஓடுதாம். கதை சொன்னவன் நீ. நீ இல்லாம நான் மட்டும் எப்படிப் போறது?"

நடுவில் பத்து வருஷம் பேசாமல் இருந்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அண்ணா சாலையில் ஒரு தியேட்டர் வாசலில் சந்தித்தோம். கொஞ்சம் தொப்பை, காதோரம் நரை. "முதல் ரெண்டு பாகம் பார்த்தியா?" என்றேன். "எதுக்கு? நீதான் சொல்லியிருக்கியே" என்றான்.

படம் 201 நிமிஷம். இடைவேளை சேர்த்தால் கிட்டத்தட்ட நாலு மணி நேரம். பீட்டர் ஜாக்சன் நியூசிலாந்தில் மூன்று படங்களையும் சேர்த்தே எடுத்தார். பிரதானப் படப்பிடிப்பு 1999 அக்டோபரில் தொடங்கி 2000 டிசம்பர் வரை. இந்த மூன்றாவது படத்துக்கு 2004-ல் 11 ஆஸ்கர் கிடைத்தது. 11 பிரிவுகளில் போட்டியிட்டு 11-ம் வாங்கியது. எண்ணிக்கையில் அதற்கு முன் 'பென்ஹர்', 'டைட்டானிக்' இரண்டுக்கு மட்டுமே அந்த யோகம். அதில் எனக்கு ஆட்சேபணை கிடையாது. மினாஸ் டிரித் கோட்டை திரையில் எழுந்து நின்றபோது, பதினோரு வருஷமாக நான் மனதில் கட்டி வைத்திருந்த கோட்டை சத்தமில்லாமல் இடிந்து போனது. இன்றுவரை ஜாக்சனுடையதுதான் ஞாபகம் வருகிறது. நல்ல படம், புத்தகம் படித்தவனிடம் இப்படித்தான் திருடும்.

ஆனால், வாய் சும்மா இருக்குமா? "டாம் பாம்படில்னு ஒருத்தர் முதல் பாகத்துல வரணும், தூக்கிட்டாங்க." "ஃபாராமிர் புத்தகத்துல இப்படிக் கிடையாது, மோதிரத்தக் கண்டு மயங்காத ஆள்."

ஐந்தாவது தடவையோ ஆறாவது தடவையோ அவன் திரும்பினான். "யாருடா அது, டாம் பாம்படில்?"

"காட்டுல இருப்பார். பாட்டுப் பாடிட்டு. மோதிரம் அவரை ஒண்ணும் பண்ணாது. அவ்வளவு முக்கியமான ஆளு..."

"நீ சொன்ன கதையில அப்படி யாரும் வரலியே!"

திக்கென்றது. யோசித்துப் பார்த்தால், ஆமாம். நானும்தான் அவரைத் தூக்கியிருந்தேன். மெஸ் க்யூவில் நிற்பவனிடம், கதையை நிறுத்திவிட்டுப் பாட்டுப் பாடும் ஒருவரைப் பற்றி எப்படிச் சொல்வது? 'போர் அடிக்கும்' என்று தாண்டியிருக்கிறேன். பீட்டர் ஜாக்சன் கோடிக்கணக்கான டாலரை வைத்துக்கொண்டு செய்ததை, நான் ஒரு ப்ளேட் பூரிக்கு முன்னால் செய்திருக்கிறேன். படத்துக்கு எதிரான என் வழக்கில் பாதி அங்கேயே தள்ளுபடி.

மீதிப் பாதி, படிக்கட்டில் வந்தது.

*

சிரித் உங்கோல் என்ற இடம். செங்குத்தான மலையில் வெட்டிய, முடிவே இல்லாத படிக்கட்டு. மேலே போனால் ராட்சச சிலந்தியின் குகை. மூன்று பேரும் ஏறுகிறார்கள்: ஃப்ரோடோ, சாம், கோல்லம். மிச்சமிருக்கும் சாப்பாடு, இலையில் சுற்றிய கொஞ்சம் ரொட்டி. படத்தில் என்ன நடக்கிறது? மற்ற இருவரும் தூங்கும்போது கோல்லம் ரொட்டியைப் பள்ளத்தில் வீசுகிறான். கொஞ்சம் தூளை எடுத்து சாமின் உடையில் தூவுகிறான். விழித்ததும் ரொட்டியைக் காணோம். "குண்டன்தான் தின்னான், பாருங்க துணியில ஒட்டியிருக்கு" என்கிறான். சாம் துடிக்கிறான், கோல்லத்தை அடிக்கிறான். பிறகு, ஃப்ரோடோ களைத்திருப்பதைப் பார்த்து, மோதிரத்தைக் கொஞ்ச நேரம் நான் தூக்கட்டுமா என்று அப்பாவியாகக் கேட்கிறான். 'அவன் கேட்பான் பார்' என்று கோல்லம் ஏற்கெனவே போட்டு வைத்த விஷம் வேலை செய்துவிடுகிறது. நீ எனக்கு வேண்டாம், வீட்டுக்குப் போ என்கிறான் ஃப்ரோடோ. ஷான் ஆஸ்டின் படிக்கட்டில் உட்கார்ந்து அழுவதைப் பார்க்க முடியவில்லை.

எனக்கு ரத்தம் கொதித்தது. "இது புத்தகத்துல இல்லவே இல்ல" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே. முன் வரிசையில் ஒருவர் திரும்பினார். "சத்தியமா இல்ல. ஃப்ரோடோ அவனை அனுப்பவே மாட்டான். ரெண்டு பேரும் சேர்ந்துதான் குகைக்குள்ள போவாங்க. இது அநியாயம்."

நண்பன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்: "புத்தகத்துல இல்லாம இருக்கலாம். நடக்கும்டா."

அதற்குப் பிறகு படம் முடியும்வரை நான் வாயைத் திறக்கவில்லை.

*

இப்போது அந்த விஷயம். 1993-ல் ஒரு மாதக் கடைசி. வாடகைக்கும் மெஸ்ஸுக்குமாகச் சேர்த்து 1,200 ரூபாய் வைத்திருந்தேன். காணோம். பெட்டியில் இல்லை, சட்டைப்பையில் இல்லை, தலையணைக்கு அடியில் இல்லை. மூன்றாவது ரூம்மேட் சாதாரணமாகச் சொன்னார்: "மத்தியானம் அவன் உங்க பெட்டியத் திறந்துட்டு இருந்தானே..."

சாயங்காலம் அவன் வந்ததும் டையைக்கூடக் கழற்றவில்லை. கேட்டேன்.

"எடுத்தியா?"

ஒரே வார்த்தை. அவன் பதிலே சொல்லவில்லை. என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். மறுநாள் காலையில் அவனுடைய கட்டில் காலியாக இருந்தது.

நாலு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, படிக்க வேறு எதுவும் இல்லாமல் மூன்றாம் பாகத்தின் பின்னால் இருக்கும் அனுபந்தங்களைப் பிரித்தேன். டோல்கியன் நூறு பக்கத்துக்கு மேல் போட்டு வைத்திருக்கிறார்: அரச வம்சாவளி, காலண்டர், எழுத்து வடிவங்கள், உச்சரிப்பு. யாரும் படிக்க மாட்டார்கள். நானும் படித்திருக்கவில்லை. அதனால்தான், எந்தத் திருடனும் திறக்காத இடம் என்று, பணத்தை அங்கே ஒளித்து வைத்திருக்கிறேன். அப்படியே இருந்தது. பன்னிரண்டு நூறு ரூபாய் நோட்டு.

நான் உடனே ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டேன் என்று எழுத ஆசைதான். கேட்கவில்லை. முதலில் கூச்சம். பிறகு, ஆறு மாதம் கழித்து எப்படிக் கேட்பது. பிறகு, மூன்று வருஷம் கழித்து எப்படி. கூச்சத்துக்கும் வட்டி ஏறும்.

படம் முடிந்து வெளியே வந்தோம். நிஜமாக முடிந்துவிட்டதா என்பதே சந்தேகமாக இருந்தது. அந்தப் படத்துக்கு ஐந்தாறு முடிவுகள். திரை இருட்டாகும் ஒவ்வொரு தடவையும் ஜனங்கள் எழுந்து நின்று, மறுபடி உட்கார்ந்தார்கள். எதிரே டீக்கடை. டீ வந்ததும் சொன்னேன், அனுபந்தத்தைப் பற்றி. எல்லாவற்றையும். அவன் டம்ளரைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

"அந்த புக்குலயா இருந்துச்சு?" என்றான் கடைசியில்.

"ஆமா."

"நான் அன்னைக்கு சீப்பு எடுக்கத்தான் பெட்டியத் திறந்தேன். என் சீப்பு உடைஞ்சு போச்சு."

அவ்வளவுதான். டீக்கு அவனே காசு கொடுத்தான். பஸ் ஏறும்போது மட்டும் சொன்னான்: "அந்த சாம் பய, கீழ விழுந்து ரொட்டியப் பார்த்துட்டு ஏறி வந்தான் பாரு, நல்லா எடுத்திருந்தான்."

*

அன்று ராத்திரி, ஜாக்சனிடம் தோற்றுவிட்டதாகவே நினைத்தேன். புத்தகத்தில் இல்லாத ஒரு காட்சி, எங்கள் வாழ்க்கையில் இருந்தது. டோல்கியன் எழுதாததை ஜாக்சனும், அவரோடு திரைக்கதை எழுதிய ஃப்ரான் வால்ஷும் பிலிப்பா போயென்ஸும் எழுதிவிட்டார்கள். இன்னொரு தகவலும் அப்புறம் தெரிந்தது. வெள்ளம், மழை என்று வெளிப்புறப் படப்பிடிப்பு நின்றுபோன சமயம் ஒரு ஹோட்டலின் ஸ்குவாஷ் மைதானத்தில் செட் போட்டு இந்தப் படிக்கட்டுக் காட்சியை எடுக்க ஆரம்பித்திருக்கிறார்கள். ஒரு நடிகரின் பக்கத்தை எடுத்து முடித்து, எதிரே இருந்தவரின் பக்கத்தை ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து எடுத்தார்களாம். போ என்று சொன்னதற்கும், அதைக் கேட்டு அழுததற்கும் நடுவே ஒரு வருஷம். பத்து வருஷக்காரனான எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை.

ஆனால் வழக்கு அதோடு முடியவில்லை. சில நாள் கழித்து, ஒரு சந்தேகத்தில், புத்தகத்தில் அந்தப் படிக்கட்டு வரும் பக்கங்களை மறுபடி எடுத்தேன். படித்ததும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

டோல்கியனின் படிக்கட்டில் ரொட்டித் தூள் கிடையாது. சூழ்ச்சி கிடையாது. ஃப்ரோடோவும் சாமும் களைத்துப்போய்த் தூங்குகிறார்கள், ஒருவன் மடியில் ஒருவன் தலை வைத்து. வெளியே போயிருந்த கோல்லம் திரும்பி வருகிறான். சிலந்தியோடு ஏற்பாடெல்லாம் பேசிவிட்டுத்தான் வருகிறான். வந்தவன், தூங்குகிற இருவரையும் பார்க்கிறான். அவனுக்குள் ஏதோ இளகுகிறது. மெல்லக் கையை நீட்டி, ஃப்ரோடோவின் முழங்காலைத் தொடுகிறான். அந்த நிமிஷம் யாராவது பார்த்திருந்தால், சிநேகிதர்களையும் காலத்தையும் இழந்துவிட்ட ஒரு களைத்த கிழட்டு ஹாபிட் என்றுதான் நினைத்திருப்பார்கள். அப்போது சாம் விழித்துக்கொள்கிறான். தூக்கக் கலக்கத்தில், பதுங்கிப் பதுங்கி என்ன பண்ணுகிறாய் என்று அதட்டுகிறான். கோல்லத்தின் கண்ணில் பழைய பச்சை வெளிச்சம் திரும்பிவிடுகிறது. சாம் பிறகு சமாதானமாக ஏதோ சொல்கிறான், மன்னிப்புக்கூடக் கேட்கிறான். லேட். திருந்தியிருக்கக்கூடிய ஒருவன், அந்த ஒரு வார்த்தையில் திருந்தாமல் போய்விடுகிறான்.

கதையிலேயே மிகத் துயரமான இடம் ஒருவேளை இதுவாகத்தான் இருக்கும் என்று டோல்கியனே 1963-ல் எழுதிய ஒரு கடிதத்தில் சொல்லியிருக்கிறார். கதையின் பெரிய கெட்டவன் கண்ணுக்கே தெரியாத தூரத்தில் இருக்கிறான். இங்கே தவறு செய்பவன் கதையின் மிக நல்லவன். நம்ம ஆளுக்கு ரொம்பப் பிடித்த சாம்.

ஜாக்சன் இந்த இடத்தைத்தான் எடுத்துவிட்டு, ரொட்டித் தூளை வைத்தார். ஏன் என்று புரிகிறது. முழங்காலைத் தொடும் ஒரு கையை அத்தனை பெரிய திரையில் எப்படிக் காட்டுவது, காட்டினாலும் எத்தனை பேர் கவனிப்பார்கள்? நண்பர்கள் பிரிவது எல்லாருக்கும் உடனே புரியும். அடுத்த குகைக்குள் ஃப்ரோடோ தனியாகப் போனால் பயமும் கூடும். திரைக்கதைக் கணக்குப்படி சரி. ஆனால், அந்த மாற்றத்தில் ஒரு பொய் வந்து ஒட்டிக்கொள்கிறது. சிநேகிதம் உடைய வேண்டுமென்றால் ஒரு வில்லன் வேண்டும் என்கிற பொய். நம்ம சினிமாவுக்கும் இது புதிதில்லை. அண்ணன் தம்பி பிரிய வேண்டுமானால் நடுவில் ஒரு கணக்குப்பிள்ளை வந்து கொளுத்திப் போட வேண்டும்.

என் அறையில் வில்லன் யாரும் இல்லை. மூன்றாவது ரூம்மேட் பொய் சொல்லவில்லை, பார்த்ததைச் சொன்னார். நண்பன் பெட்டியைத் திறந்தது நிஜம், சீப்புக்காக. பணத்தை ஒளித்தது நானே. ரொட்டித் தூளை யாரும் தூவவில்லை. ஒரு வார்த்தை மட்டும் இருந்தது. ஃப்ரோடோ என்றே என்னை நினைத்துக்கொண்டு தியேட்டரில் கூனிக் குறுகினேன். இல்லை, நான் சாம். அதுவும் படத்து சாம் இல்லை, புத்தகத்து சாம்.

இதில் இன்னொரு அவமானமும் உண்டு. டாம் பாம்படிலைப் போலவே, இந்தக் காட்சியையும் நான் நண்பனுக்குச் சொல்லியிருக்கவில்லை. முழங்காலைத் தொட்டான், கையை எடுத்தான், இதில் என்ன கதை இருக்கிறது என்று நேராகச் சிலந்திக்குத் தாவியிருக்கிறேன். ஜாக்சன் தவறவிட்டதை எல்லாம் அவருக்கு முன்பே தவறவிட்டவன் நான்.

*

டோல்கியனுக்கு சினிமாக்காரர்கள் மேல் பெரிய நம்பிக்கை இருந்ததில்லை. 1958-ல் ஒரு திரைக்கதைச் சுருக்கம் அவர் கைக்கு வந்தது. பக்கம் பக்கமாகத் திட்டி எழுதினார். அதில் அவர் சொன்னதன் சாரம்: மோசமான படமாக்கங்கள் தோற்பது, மூலக்கதையின் மையம் எங்கே இருக்கிறது என்று பார்க்கத் தெரியாததால்தான். இது நல்ல அளவுகோல். எத்தனை காட்சியை வெட்டினார்கள், யார் தலைமுடி என்ன நிறம் என்பதைவிட நல்ல அளவுகோல். அதன்படி ஜாக்சனுக்கு என்ன மார்க்?

அந்தக் கதையின் மையம், கோல்லத்தின் மேல் ஒவ்வொருவராகக் காட்டும் இரக்கம். ஃப்ரோடோ காட்டுகிறான். கடைசியில், மலைச்சரிவில் கத்தியை ஓங்கிய சாமும் வெட்ட முடியாமல் விட்டுவிடுகிறான். மோதிரத்தைக் கொஞ்ச நேரம் சுமந்து பார்த்ததால் அவனுக்கு இப்போது கோல்லத்தின் வலி தெரியும். அப்படி உயிரோடு விட்டதால்தான் எரிமலை விளிம்பில் கோல்லம் வந்து மோதிரத்தைக் கடித்துப் பிடுங்க, சந்தோஷக் கூத்தில் கால் தவறி, தானாக விழுகிறான். யாரும் தள்ளவில்லை. படத்தில் ஃப்ரோடோ எழுந்து வந்து கட்டிப்புரள்கிறான், இருவரும் விளிம்பைத் தாண்டுகிறார்கள். ஹீரோ ஏதாவது செய்தாக வேண்டும் என்ற பயம். படிக்கட்டில் செய்த அதே தவறு, எரிமலையிலும்.

டோல்கியனின் மகன் கிறிஸ்டோஃபர், 2012-ல் 'ல மோந்த்' பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்தபோது, புத்தகத்தின் குடலை உருவிவிட்டு இளவட்டங்களுக்கான ஆக்‌ஷன் படமாக ஆக்கிவிட்டதாகக் காட்டமாகவே சொன்னார். அவ்வளவு தூரம் நான் போக மாட்டேன். ஊர் திரும்பிய நாலு ஹாபிட்டுகளும் மதுக்கடையில் கோப்பையோடு உட்கார்ந்து, சுற்றிலும் ஜனங்கள் ஒரு பெரிய பூசணிக்காயைக் கொண்டாடிக்கொண்டிருக்க, ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும் இடம் இருக்கிறதே, ஒரு வசனம் கிடையாது. பட்ட பாட்டை யாரிடமும் சொல்ல முடியாது என்பது அந்த மௌனத்தில் இருக்கிறது. அது புத்தகத்தில் இல்லை, இருந்திருக்கலாம். ஆரகார்ன் - ஆர்வென் காதலுக்கு வேண்டிய சரக்கையும் ஜாக்சன் குழு அனுபந்தத்திலிருந்துதான் எடுத்தது. யாரும் திறக்காத அந்தப் பக்கங்களில் எனக்கு 1,200 ரூபாய் கிடைத்தது. அவர்களுக்கு ஒரு காதல் கதை. என்னைவிடக் கவனமான வாசகர்கள்தான்.

சரி, வில்லன் இல்லாமல் பிரிவது டோல்கியனுக்கு எப்படித் தெரியும்? அவருக்கும் நடந்திருக்கிறது. சி.எஸ்.லூயிஸ், அதே ஆக்ஸ்ஃபோர்டில் ஆசிரியர். டோல்கியன் எழுத எழுத வாசிக்கச் சொல்லிக் கேட்டவர். அவருடைய தூண்டுதல் இல்லாவிட்டால் புத்தகத்தை முடித்தே இருக்க மாட்டேன் என்று டோல்கியன் பல தடவை சொல்லியிருக்கிறார். அப்பேர்ப்பட்ட சிநேகிதம் பின்னாளில் ஆறிப்போனது. பெரிய சண்டை எதுவும் இல்லை. முதலில் லூயிஸுக்குச் சார்லஸ் வில்லியம்ஸ் என்ற இன்னொரு எழுத்தாளரின் நட்பு, பிறகு லூயிஸின் கல்யாணம். இவைதான் தங்களைப் பிரித்தன என்று டோல்கியன் தன் மகனுக்கு எழுதினார். எப்போது? 1963-ல், லூயிஸ் இறந்த பிறகு. படிக்கட்டுக் காட்சியைத் துயரமானது என்று கடிதத்தில் எழுதியதும் அதே வருஷம்தான்.

டோல்கியனுக்கு லூயிஸோடு பழையபடி ஒரு சாயங்காலம் அமையவில்லை. எனக்கு அமைந்தது. அமைத்துக் கொடுத்தது புத்தகம் இல்லை, படம். இருபது வருஷத்துக்கு மேல் ஆன பிறகும் எனக்குக் கணக்கு இப்படித்தான் வருகிறது: நான் செய்தது என்ன என்று சரியாகச் சொன்னது டோல்கியன். என்னை டீக்கடை வரை தள்ளிக்கொண்டு போனது ஜாக்சன். அரைகுறையாகப் புரிந்துகொண்ட படம் என்றாலும், அந்தக் கடனுக்காக அவரைத் திட்டும்போது குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்கிறேன்.

போன மாதம் நண்பனின் மகள் போன் பண்ணினாள். காலேஜ் படிக்கிறாள். மூன்று பாகமும் முடித்துவிட்டு, லேப்டாப்பில் படத்தையும் பார்த்திருக்கிறாள். குரலில் கொதிப்பு.

"அங்கிள், அந்த ஸ்டேர்ஸ் சீன் புக்ல இல்லவே இல்ல. சாமைப் போய் வீட்டுக்குப் போன்னு சொல்றான்! நீங்க தியேட்டர்லயே பார்த்தீங்களாமே, எப்படிச் சும்மா இருந்தீங்க?"

"சும்மா இல்லம்மா. கத்தினேன்."

"அப்பா என்ன சொன்னார்?"

நடந்தது அவளுக்குத் தெரியாது போலிருக்கிறது. நான் சொல்லவில்லை. அப்பாவையே கேள் என்றேன். அப்புறம், படிக்கட்டில் கோல்லம் ஃப்ரோடோவின் முழங்காலைத் தொடும் இடத்தை இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன்.

"அதுவா? அத ஸ்கிப் பண்ணிட்டேனே அங்கிள்" என்றாள்.